இருமுறை நிறுத்த காபி

"அம்மா, உனக்குத்தான் வாசனையே தெரியாதே... நான் நல்லாருக்குன்னு பொய் சொன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

எட்டு வயது மகள் ஒருநாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே இப்படிக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கீழே பள்ளி வேன் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கிவிட்டாள். மகளுக்கு ருசி பார்க்கக் கொடுத்த ஸ்பூனைப் பிடித்தபடி அம்மா சமையலறை வாசலிலேயே நின்றாள். குழந்தையின் கேள்வியில் விஷமம் இருக்காது. அதனால்தான் அது நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

அவளுக்கு வாசனை போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு வாரக் காய்ச்சல்தான். காய்ச்சல் விட்ட அன்று குளிக்கப் போனவள் சோப்பை முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. கல்லை முகர்ந்த மாதிரி இருந்தது. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வந்தாலும் வரும், வராமயும் போகலாம். பொறுமையா இருங்க" என்றார். நாக்குக்குக் கசப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, சர்க்கரை தெரிந்தது. காபி தெரியவில்லை.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சாப்பாட்டில் ருசி போனதோடு போயிருக்கும். இவள் வேலை பார்த்தது காபிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்கும் கடையில். பதினொரு வருஷமாக முன்கவுண்டர் அவளுடையது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்வாள். "இது நாலு நாள் தாங்கும். இது இன்னிக்கே வித்துடணும். இதைத் தூக்கிப் போடு" என்பாள். கடையில் அவளுக்குப் பெயரே மூக்கக்கா. "உங்க பொடியைத்தான் வாங்கறேன், வீட்ல போட்டா கஷாயமா வருது" என்று முறையிட வருகிறவர்களை நிறுத்தி, எந்தப் பாத்திரம், எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரம் என்று விசாரித்து, வழி சொல்லி அனுப்புவாள்.

மூக்கு போனதைக் கடையில் சொல்லாமல் இருந்தது அவள் செய்த தப்பு. பயம்தான் காரணம். இன்று வரும், நாளை வரும் என்று, டப்பாவைத் திறந்து முகர்வது போல நடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் குப்பைக்குப் போக வேண்டிய பழைய பொடியைப் புதுப் பொடி என்று நினைத்துப் பாக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மறுநாள் மூன்று பேர் பாக்கெட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

"வாசனையே இல்லாத பொடியை யார் வெளிய விட்டது?" என்று முதலாளி கத்தினார்.

அவள் வாயைத் திறப்பதற்குள், பின்கட்டில் கொட்டை வறுக்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். நாள் முழுக்க வறுக்கும் டிரம்மோடு மல்லுக்கட்டுவதால் அவர் எல்லோருக்கும் டிரம் அண்ணன்.

"நான்தான் சார் டப்பாவை இடம் மாத்தி வச்சிட்டேன். மூக்கக்கா மேல தப்பில்ல."

கொட்டை வறுபடும்போது உரிந்து பறக்கிற மெல்லிய தோல், கரியும் எண்ணெயுமாகப் புகைக்குழாயில் அப்பிக்கொள்ளும். திங்கட்கிழமைதோறும் அதைச் சுரண்டியாக வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும் என்பதால் பின்கட்டில் மூன்று பேர் முறை வைத்துச் செய்கிற வேலை அது. "தொடர்ந்து மூணு வாரம் நீயே குழாயைச் சுரண்டு. அப்பதான் புத்தி வரும்" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பின்கட்டுக்கு ஓடினாள். "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"உனக்கு மூக்கு போனது எனக்கு எப்பவோ தெரியும்."

"எப்படி?"

"மழையில நனைஞ்ச சாக்ஸை உன் கவுண்டருக்குப் பின்னாடி ரெண்டு நாள் காயப் போட்டிருந்தேன். நீ ஒரு வார்த்தை திட்டல. பழைய மூக்கக்காவா இருந்தா என்னையும் சாக்ஸையும் சேர்த்து வெளிய எறிஞ்சிருப்பா. போ, போய் வேலையைப் பாரு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. அன்று மாலையே முதலாளியிடம் போய் மூக்கு போன கதையைச் சொன்னாள். டப்பா விஷயத்தைச் சொல்ல மட்டும் நா எழவில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு வருவது, பாதிப் படியில் நிற்பது மாதிரி. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

முதலாளி கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்கிற மனிதர். "சரிம்மா. நீ பின்னாடி பாக்கெட் ஒட்டற இடத்துக்குப் போயிடு. கவுண்டருக்கு என் மச்சினி வரேன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கா" என்றார்.

"நான் போக மாட்டேன் சார்."

பதினொரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்டிராத வார்த்தை. நிமிர்ந்து பார்த்தார்.

"மூக்கில்லாத ஆளைக் காபிக்கடை கவுண்டர்ல நிறுத்தறது, பாட்டு வராதவளைப் பாட்டு டீச்சர் ஆக்குன மாதிரிம்மா."

"இங்க வர்றவங்க என் மூக்கை வாங்க வரல சார். வீட்ல காபி சரியா வரலன்னு வர்றாங்க. அதுக்கு வழி சொல்ல என் கையும் புத்தியும் போதும். ஒரு மாசம் குடுங்க. யார் போட்டாலும் நல்ல காபி வர்ற மாதிரி, எல்லாத்தையும் அளவோட ஒரு சீட்டுல எழுதித் தரேன். நீங்களே மூணு வீடு பாத்துக் குடுங்க. அதுல ஒரு வீடு நல்லால்லன்னு சொன்னாக்கூட, நானே பேசாம பின்னாடி போயிடறேன்."

"மூணுக்கு மூணா? வீம்புல பேசாத."

"வீம்புதான் சார். வேற என்ன மிச்சம் இருக்கு எங்கிட்ட?"

அவர் சிரித்துவிட்டார். "சரி. மூணுல ஒண்ணு என் வீடு" என்றார்.

அப்படித்தான் அவள் வீட்டுச் சமையலறையில் ஒரு சின்னத் தராசும், தாள் வைத்து வடிக்கிற கூம்பு வடிகட்டியும், கண்ணாடி ஜாடியும், ஒரு நோட்டும் வந்து சேர்ந்தன. வீட்டில் நான்கு பேர். லிப்ட் மெக்கானிக்கான கணவன், மாமியார், மகள், அவள். காலை ஆறு மணிக்கு முப்பது கிராம் பொடியை நிறுத்து வடிகட்டியில் போடுவாள். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு மகளை எழுப்பப் போவாள். வந்து, நானூற்றைம்பது கிராம் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி வடிப்பாள். மகளின் யூனிபார்மை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து, காபியைக் கோப்பைகளில் ஊற்றுவாள். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு கோப்பை. மகளுக்குப் பாலில் கலந்து ஒரே ஒரு ஸ்பூன்.

"எப்படியிருக்கு?"

"நல்லாருக்கு" என்பான் கணவன்.

"அம்மாடி, ரொம்ப நல்லாருக்கு" என்பார் மாமியார்.

"சூப்பர்" என்பாள் மகள்.

ஆனால் அவள் முகங்களைப் பார்க்கத் தெரிந்தவள். ஒருநாள் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி விழுங்கினார். இன்னொரு நாள் கணவன் பாதிக் கோப்பையோடு, பல் தேய்க்காதவன் போல, குளியலறைக்குள் போய் வெறுங்கோப்பையோடு திரும்பினான். பொடியின் பருமனை மாற்றினாள். தண்ணீரின் சூட்டை மாற்றினாள். எதையும் மாற்றாமல் அதே அளவில் மூன்று நாள் போட்டும் பார்த்தாள். அதே பொடி, அதே தண்ணீர், அதே நேரம். ஒருநாள் நாக்கில் கடுங்கசப்பு. மறுநாள் வெந்நீர். நோட்டில் எண்கள் கூடிக்கொண்டே போயின. எதுவும் எதோடும் ஒட்டவில்லை.

இருபது நாள் ஓடியது. தன் கை நடுங்குகிறதோ, காய்ச்சல் மூக்கோடு மூளையையும் தொட்டுவிட்டதோ என்று பயந்தாள். படுக்கப் போகுமுன், "மூக்கைத் திருப்பிக் கேக்கல கடவுளே. என் கை மேல எனக்கிருந்த நம்பிக்கையை மட்டும் திருப்பிக் குடு" என்று வேண்டிக்கொண்டாள்.

மகள் அந்தக் கேள்வியைக் கேட்டது அதற்கு அடுத்த நாள் காலை. பொய் சொன்னால் எப்படித் தெரியும்?

கடையில் நாள் முழுக்க அது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பாக்கெட் நிறுக்கும்போது கை சட்டென்று நின்றது. அந்தக் கடையில் எதையும் இரண்டு முறை நிறுப்பார்கள். போடுமுன் ஒருமுறை, போட்டு முடித்த பின் ஒருமுறை. நடுவில் சிந்தியதும், யாராவது கைவைத்ததும் இரண்டாவது நிறுவையில்தான் தெரியும். வீட்டில் அவள் இத்தனை நாளும் ஒருமுறைதான் நிறுத்திருந்தாள். வீடுதானே என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை எப்போதும் போலக் காபி வடித்தாள். யூனிபார்ம் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்து, கோப்பையைத் தொடாமல் ஜாடியைத் தூக்கித் தராசில் வைத்தாள். பிறகு வடிகட்டியிலிருந்த ஈரச் சக்கையை வைத்தாள். இரண்டு எண்களையும் நோட்டில் எழுதினாள். ஒரு நிமிடம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இங்க கொஞ்சம் வாங்க. என்னங்க, நீங்களும்தான்."

"என்ன, தராசு ரிப்பேரா? ஸ்குருடிரைவர் எடுத்துட்டு வரவா?" என்று கணவன் வந்தான்.

"தராசு சரியாத்தான் இருக்கு. நான் ஊத்துனது நானூத்தம்பது கிராம் தண்ணி. அதுல பொடி குடிச்சது போக, ஜாடியில முன்னூத்தித் தொண்ணூறு இருக்கணும். இப்ப ஜாடி எடை போக நானூத்தி அறுபத்தி நாலு இருக்கு. ஊத்துனதை விட ஜாஸ்தி. கடவுள் அற்புதம் பண்ணுவார், நான் இல்லங்கல. ஆனா தினமும் காலைல ஆறேகாலுக்கு, நம்ம சமையல்கட்டுலயா?"

அவள் ஈரச் சக்கையை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

"சக்கை தொண்ணூறு கிராம் இருக்கணும். நூத்திப் பதினாலு இருக்கு. பொடி ராத்திரியில குட்டி போட்டுச்சா?"

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "டேய், தண்ணி ஊத்துனது நீதானா?"

"நானாவது தண்ணிதான். நீ பொடியா போட்டுட்டிருந்த? அதான் எனக்கு தினம் தலை கிறுகிறுன்னு சுத்துச்சா!"

"நான் ஏன்டா போட்டேன்? காபி சப்புன்னு இருந்துச்சு, போட்டேன்!"

"சப்புன்னு இருந்தது நான் தண்ணி ஊத்தினதாலம்மா!"

"நீ ஏன்டா ஊத்தின?"

"நீ பொடி போட்டதால!"

நடந்தது இதுதான். முதல் நாள் காபி லேசாக இருந்தது. மருமகள் மனசு நோகக் கூடாதென்று மாமியார், அவள் மகளை எழுப்பப் போகும் நேரம் பார்த்து, ஒரு ஸ்பூன் பொடியை வடிகட்டியில் கூடுதலாகப் போட்டார். அது கணவனுக்குக் கடுத்தது. மனைவி மனசு நோகக் கூடாதென்று அவன், அவள் யூனிபார்ம் எடுக்கப் போகும் நேரம் பார்த்து, ஜாடியில் வெந்நீர் ஊற்றினான். மறுநாள் மாமியார் ஒன்றரை ஸ்பூன். அதற்கு மறுநாள் அவன் ஒரு டம்ளர். இருபது நாளாக ஒரே வீட்டில் இரண்டு அன்புகள், ஒன்றுக்கொன்று தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நீ அழுதுடுவியோன்னுதான் அம்மாடி..." என்று மாமியார் இழுத்தார்.

"அழுதேன் அத்தை. இருபது நாளா அழுதேன். என் கை போச்சுன்னு நினைச்சு, புத்தி போச்சுன்னு நினைச்சு அழுதேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவர்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "போனது மூக்கு மட்டும்தான். அதுக்காக எனக்குத் தெரியாம என் காபியைச் சரி பண்ணாதீங்க. அந்தக் கருணை எனக்கு வேண்டாம்."

கணவன் தரையைப் பார்த்தான். மாமியார் புடவைத் தலைப்பைத் திருகினார். அன்பு செய்கிற தப்பைத் திருத்துவது உலகத்திலேயே கடினமான வேலை. அதைக் கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை, அப்படியே விட்டுவிடவும் முடிவதில்லை.

"இனிமே இந்த வீட்டுல ஒரு சட்டம். கசந்தா கசக்குதுன்னு சொல்லணும். வெந்நீரா இருந்தா வெந்நீர்னு சொல்லணும். துப்பணும்னா துப்பணும். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்றதா இருந்தா யாருக்கும் காபி கிடையாது."

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "நெஜமாவே துப்பலாமா?"

"வாஷ்பேசின்ல."

இன்னும் பத்து நாள்தான் இருந்தது. சட்டம் மறுநாளே அமலுக்கு வந்தது. மகள் ஸ்பூனை நக்கிவிட்டு, "எரிஞ்ச பேப்பர் மாதிரி இருக்கு" என்றாள். மாமியாரோ இருபது நாளாக அடக்கி வைத்திருந்ததை வட்டியோடு அவிழ்த்துவிட்டார். "இது காபியா? துணி அலசின தண்ணி." மறுநாள், "இன்னிக்குப் பரவால்ல, துணி கொஞ்சம் சுத்தமா இருந்திருக்கு." கணவன் தாயைவிடக் கொஞ்சம் கருணையோடு, "முன்னாடி புளிக்குது, பின்னாடி ஒண்ணுமே இல்ல" என்றான். அவள் ஒவ்வொன்றையும் சிரித்துக்கொண்டே எழுதினாள். எண்கள் இப்போது ஒன்றோடொன்று ஒட்டின.

கசந்தால் கடை மெஷினில் பொடியைக் கொஞ்சம் பருபருவென்று அரைத்தாள். புளித்து நீர்த்தால் இன்னும் நைசாக அரைத்தாள். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் பொடி கருகின மாதிரி கசந்தது. அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்து ஊற்றினால் சாந்தமாக இறங்கியது. வடிகட்டித் தாளை முதலில் வெந்நீரில் நனைத்தால் மகள் சொன்ன பேப்பர் ருசி போயிற்று. முதலில் பொடி நனைகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டு அரை நிமிடம் காத்திருந்தால், பொடி மூச்சு விடுவது போல உப்பி எழுந்தது. புதுப் பொடி நன்றாக எழுந்தது. பழையது அசையாமல் கிடந்தது. அதைக் கண்ட அன்று அவள் வேலையை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். பொடி பழசா புதுசா என்று கண்டுபிடிக்க இனி மூக்கு வேண்டாம். கண் போதும்.

எட்டாவது நாள் மூன்று பேரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. மாமியார் குடித்து முடித்துவிட்டு, "குறை சொல்லணும்னு பாத்தேன். வாய் வரல" என்றார். அது பொய்யா என்று அறிய மாமியாரின் முகத்தைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. அவர் இன்னொரு கோப்பைக்குக் கை நீட்டியிருந்தார்.

சீட்டு பத்து வரிக்குள் முடிந்தது. தராசு இல்லாத வீடுகளுக்காக, தலைதட்டிய ஆறு ஸ்பூன் பொடிக்கு எந்தக் கோப்பையில் எவ்வளவு தண்ணீர் என்றும் எழுதினாள். கடைசி வரியாக, "நடுவில் யாரும் கூடுதலாக எதுவும் சேர்க்கக் கூடாது" என்று எழுதிக் கோடு போட்டாள். காரணம் எழுதவில்லை.

முதலாளி தேர்ந்தெடுத்தது தனியாக வாழும் பள்ளி டீச்சர் ஒருவர், ஷிப்ட் மாறி மாறி ஓட்டுகிற பஸ் டிரைவர் ஒருவர், பிறகு தன் வீடு. டீச்சர் மறுநாளே கடைக்கு வந்து, "முப்பது வருஷமா நான் தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டிருந்திருக்கேன்" என்று தன்னையே நொந்துகொண்டார். டிரைவர் வந்து, இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார். முதலாளி மட்டும் மூன்று நாளாக அவள் கண்ணைப் பார்க்காமல் நடமாடினார்.

நான்காம் நாள் கவுண்டரில் போன் அடித்தது. முதலாளியின் மனைவி.

"மூக்கக்காவா? அந்தச் சீட்டு இன்னும் ஒரு பத்து அனுப்பு. என் தங்கச்சி வேணுங்கறா."

"கவுண்டருக்கு வர்றாங்கன்னு சொன்னாங்களே, அவங்களா?"

"அவளுக்குக் கவுண்டரும் வேண்டாமாம், ஒண்ணும் வேண்டாமாம். கால் வலிக்குமாம். சீட்டு போதுமாம்."

பக்கத்தில் நின்ற முதலாளிக்குக் காது நன்றாகவே கேட்டது. தொண்டையைச் செருமினார். "சரிம்மா. கவுண்டர் உன்னுதுதான். போ, வேலையைப் பாரு."

அவள் போகவில்லை. கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்போது சொன்னால் கைக்கு வந்தது நழுவிவிடலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளுக்குத் தெரியும். கடவுளுக்குத் தெரியும்.

"சார், அன்னிக்குப் பழைய பொடியைப் பாக்கெட் போட்டது நான். டிரம் அண்ணன் டப்பாவைத் தொடவே இல்ல. என் இடம் போயிடக்கூடாதுன்னு தன் மேல போட்டுக்கிட்டார்."

பின்கட்டிலிருந்து கொட்டை கிளறும் சட்டுவம் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"இதை ஏன் இப்ப வந்து சொல்ற? ஜெயிச்சுட்டியே!"

"ஜெயிச்சதாலதான் சார். தோத்திருந்தா பின்னாடி போய் உக்காந்து, அதுவே தண்டனைன்னு மனசைத் தேத்திக்கிட்டிருப்பேன். என்னை அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா பொய் மேல இந்த இடத்துல நிக்க மாட்டேன். வீட்டுல பொய் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டு வந்திருக்கேன்."

முதலாளி அலமாரியைத் திறந்து ஒரு கட்டு லேபிளை எடுத்து அவள் முன் வைத்தார். "இன்னியிலேர்ந்து ஒவ்வொரு டப்பாவுலயும் வறுத்த தேதி எழுதி ஒட்டு. நாளைக்கு எனக்கும் மூக்கு போகலாம், யார் கண்டா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

டிரம் அண்ணன் புயலாக வந்தார். "மெனக்கெட்டு ஒரு பொய் சொல்லி வச்சேன். இப்படிப் போட்டு உடைச்சிட்டியே! இனிமே என்னை எவன் நம்புவான்?"

"மன்னிச்சுக்குங்கண்ணே."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்தச் சீட்டுல ஒண்ணு குடு. என் வீட்டுக்காரி போடற காபியைக் குடிச்சா குழாய் சுரண்டறதே மேல்னு தோணுது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் அவர் குனிந்து சுரண்டிய மூன்று வாரங்கள் போனது போனதுதான். உண்மையைச் சொல்லிவிட்டதால் அவை திரும்பி வந்துவிடாது.

பின்கட்டில் பழையபடி முறை வைத்து வேலை நடந்தது. அவருடைய முறை வந்த திங்கட்கிழமை, அவள் வீட்டுக் காபியைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கே வந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். சாவி அவளிடம்தான் இருக்கும். தலையில் துணி கட்டிக்கொண்டு, குழாயின் மூடியைக் கழற்றி, நீளத் தூரிகையை உள்ளே விட்டாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்கிற வேலை. அவளுக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, மூக்கில்லாததற்கு நன்றி சொன்னாள். கரி கட்டி கட்டியாக உதிர்ந்தது. முழங்கை வரை கறுத்தது. கூட்டி அள்ளினாள், கழுவினாள், எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்தாள்.

அன்று டிரம் அண்ணன் சுத்தமான குழாயைப் பார்த்துவிட்டு, உதவிக்கு இருக்கிற இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டார். இருவரும் கையை விரித்தார்கள். அவள் கவுண்டரில் தலை நிமிராமல் தேதி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவருடைய அடுத்த முறைக்கும் வந்தாள். அதற்கடுத்த முறைக்கும் வந்தாள். மூன்றாவது முறை, குழாயின் மூடியை இறுகத் திருகிவிட்டு, கை கால் கழுவி, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் யாரும் இல்லை. பஸ் நிறுத்தம் வரை நடந்து போய், அங்கே சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்கு, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் போல, மற்றவர்களோடு சேர்ந்து கடைக்கு நடந்தாள்.